பறக்கப் பழகும் பிள்ளைகளின் உயிருக்கு யார் பொறுப்பு?

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி. ஒடிசா ராஜ்யத்தில் தேங்கானல் ஜில்லா. அங்கே பிராசால் என்ற இடத்தில் உள்ள சிறிய ஓடுதளத்திலிருந்து, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு செஸ்னா விமானம் காலையில் கிளம்பியது. அது சர்க்கார் பயிற்சி நிலையத்தின் விமானம். கிளம்பிய சற்று நேரத்திற்கெல்லாம் கீழே விழுந்து நொறுங்கியது. கற்றுக்கொடுத்த ஆசிரியரும் மாண்டார், கற்றுக்கொண்டிருந்த பெண்ணும் மாண்டார். அந்தப் பெண் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். இரண்டு வருஷம் கழிந்து, 2022 பிப்ரவரி 26-ந் தேதி, தெலங்கானாவில் நல்கொண்டா ஜில்லாவில் வயல்வெளியில் இன்னொரு பயிற்சி விமானம் விழுந்தது. அதில் தனியாகப் பறந்து பழகிக்கொண்டிருந்து உயிர் விட்டவரும் தமிழ்நாட்டுப் பெண்தான்.

“விமானம் ஓட்டுவதற்கும் பஞ்சாலையில் நூல் நூற்கிற நமக்கும் என்ன சம்பந்தம்? அது பணக்காரர் வீட்டு விவகாரம் அல்லவா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்திருந்தவன்தான். அந்த நினைப்பைக் கலைத்தவர் சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு பெண் தோழர். ஒரு நாள் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்: “அண்ணாச்சி, என் மகள் பிளஸ் டூ படிக்கிறா. பைலட் ஆகணுமாம். கோவில்பட்டியிலேயே பள்ளிக்கூடம் வரப்போகுதுன்னு எங்கேயோ படிச்சிருக்கா. அது ரொம்ப ஆபத்தாமே?”

“நீ பார்க்கிற வேலையை விடவாம்மா ஆபத்து?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. அது பதிலே அல்ல. ஒரு தாய் தன் மகளின் உயிரைப் பற்றிக் கேட்கிறாள். அவளுடைய உயிர் ஏற்கெனவே மலிவாகிவிட்டது என்று நான் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்! அந்தத் தோழருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோவில்பட்டி விஷயம். நாலாட்டின்புத்தூர்ப் பக்கம் லட்சுமி மில் நிர்வாகம் முன்னொரு காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தனியாரைக் கொண்டு ஏற்படுத்த, தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோ ஸ்தாபனம் 2025-ல் முயற்சி எடுத்தது. சேலம் விமான நிலையத்தையும் இப்படிப்பட்ட பயிற்சிக்காக மத்திய சர்க்காரின் விமான நிலைய ஆணையம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆகவே இது எங்கோ வடக்கே நடக்கும் கதையல்ல. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் பஞ்சாலைக்கும் நடுவே, நம் கரிசல் காட்டின் மேலே நடக்கப்போகிற காரியம். பள்ளி வரட்டும். வேண்டாம் என்று சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை. நம் பிள்ளைகள் மருந்து செலுத்தத்தான் பிறந்தார்களா, விமானம் செலுத்தக் கூடாதா? எப்படி வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

விமானம் எப்போது விழுகிறது? உயரத்தில் போகும்போதுதான் அபாயம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. ஐயாயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றுபோனால் சின்ன விமானம் கல்லைப் போல விழுவதில்லை. பருந்து சிறகை அசைக்காமல் மிதந்து இறங்குகிறதே, அப்படி இறங்கும். செஸ்னா 152 என்ற, உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிற இரண்டு ஆள் விமானம், ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் முன்னால் போய்விடும். ஐயாயிரம் அடியென்றால் நல்ல வயலாகப் பார்த்து இறக்குவதற்குப் போதுமான அவகாசம் உண்டு. ஆனால் ஓடுதளத்தை விட்டு எழும்பி இருநூறு அடி ஏறியிருக்கும்போது அதே என்ஜின் நின்றால்? இருபது விநாடிகூடக் கையில் கிடையாது. “இது என்ன, சத்தம் நின்றுவிட்டதே” என்று மனசு நம்புவதற்கே நாலைந்து விநாடி போய்விடும்.

கிளம்பும் நேரத்தில் உயரம் இல்லை, வேகம் இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. என்ஜினோ முழுப் பலத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. ஏதாவது கோளாறு ஒளிந்திருந்தால் அது வெளியே வர இதைவிட வசதியான நேரம் வேறில்லை.

அந்த இருபது விநாடியில் புதியவனின் கை என்ன செய்யும் தெரியுமா? கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கும். விமானம் கீழே போகிறதே, மூக்கைத் தூக்குவோம் என்று இழுக்கும். வண்டி மாட்டை நிறுத்துகிறவனின் கை கயிற்றை இழுப்பது போல இது இயற்கையான காரியம். ஆனால் கயிற்றை இழுத்தால் மாடு நிற்கும். என்ஜின் நின்ற விமானத்தில் கைப்பிடியை இழுத்தால், வேகம் செத்து, சிறகின் மேல் ஓடும் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். சிறகு தாங்காது. இதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரான காரியம்: உடனே மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும். பூமி எதிரே தெரியும்போது அதை நோக்கியே தாழ்த்த வேண்டும். இதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று பாருங்கள்!

இரண்டாவது ஆசை இன்னும் கொடியது. பின்னாலேயே ஓடுதளம் இருக்கிறதே, திரும்பிப் போய் இறங்கிவிடலாம் என்ற ஆசை. அனுபவசாலிகளையும் கொன்றிருக்கிறது இந்த ஆசை. அரை வட்டம் திரும்பினால் போதாது. திரும்பிய விமானம் ஓடுதளத்திற்குப் பக்கவாட்டில் எங்கோ நிற்கும். அதற்கு நேராக வர மறுபடியும் வளைய வேண்டும். வளைவதற்காக விமானத்தைச் சாய்க்கும்போது, அது விழாமலிருக்கத் தேவைப்படும் வேகமும் கூடுகிறது. 45 டிகிரி சாய்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் வேண்டும். 60 டிகிரி சாய்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு. வேகமோ நிமிஷத்திற்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் நல்ல ஆசிரியர்கள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்: போதிய உயரம் ஏறும் முன் என்ஜின் நின்றால் திரும்பாதே, எதிரே கொஞ்சம் இடம் வலம் பார்த்து, கிடைக்கிற வெளியில் இறக்கு, விமானம் உடைந்தால் உடையட்டும், ஆள் பிழைக்கலாம்.

ஓடுதளத்தில் ஓடும்போதே எடுக்க வேண்டிய முடிவும் ஒன்று உண்டு. தரையை விட இன்ன வேகம் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. பாதி ஓடுதளம் தாண்டியும் அந்த வேகத்தில் பத்தில் ஏழு பங்கு வரவில்லையென்றால் என்ஜினைத் தணித்துப் பிரேக் போட்டுவிட வேண்டும் என்பது விமானிகளிடையே வழங்கும் ஒரு விதி. “இன்னும் கொஞ்சம் ஓடினால் வந்துவிடும்” என்று நினைக்கிறவன் வேலிக்கு மேலே தடுமாறி எழும்புகிறான்.

இதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. காற்று சூடானால் மெலிகிறது. விமானக் கணக்குகள் 15 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்துப் போடப்பட்டவை. சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று நூற்றுக்கு எட்டுப் பங்கு மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் என்ஜினுக்குப் பலம் குறைகிறது, முன்னால் சுழலும் விசிறிக்குப் பிடிப்புக் குறைகிறது, சிறகுக்குத் தாங்கும் சக்தி குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன. செஸ்னா 152-ன் என்ஜினே 110 குதிரைச் சக்திதான். விமானம், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 757 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. காலை ஆறு மணிக்குச் சுகமாக எழும்பிய அதே விமானம் பகல் ஒரு மணிக்கு ஓடுதளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் எழும்பும். மருந்துக் கலவையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும், உச்சி வெயிலில் கை வைக்கக் கூடாது என்பதை சிவகாசித் தொழிலாளிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வெயில் வேறு, வேலை வேறு என்று நினைப்பவன் முதலாளி மட்டும்தான்.

இனி, என்ஜின் ஏன் நிற்கிறது, கை ஏன் தடுமாறுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான காரணங்கள் சக்கரம் அசைவதற்கு முன்பே தரையில் பார்த்துக் களையக்கூடியவை. சிறகுக்குள் பெட்ரோல் டாங்கி இருக்கிறது. ராத்திரிக் குளிரில் அதற்குள் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனம். அடியில் போய்த் தங்கும். அதனால் காலையில் சிறகுக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து ஒரு சின்னக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அடியில் நிறமில்லாத திவலை உருண்டால் அது தண்ணீர். ஒரு நிமிஷ வேலை. செய்யாவிட்டால் அந்தத் தண்ணீர், விமானம் மூக்கைத் தூக்கும்போது என்ஜினுக்குள் போகிறது.

பிறகு மேக்னட்டோ. என்ஜினில் தீப்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும். செஸ்னா 152-ல் என்ஜினை நிமிஷத்திற்கு 1700 சுற்றில் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். சுற்று 125-க்கு மேல் குறைந்தால் கிளம்பக் கூடாது.

உட்காரும் ஆசனம்கூட ஆளைக் கொல்லும் என்றால் நம்புவீர்களா? செஸ்னா விமானங்களில் ஆசனம் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஒரு ஊசி குழியில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழி தேய்ந்திருந்தாலோ, ஊசி சரியாக விழாமலிருந்தாலோ, விமானம் விசை எடுத்து ஓடும்போது ஆசனம் சர்ரென்று பின்னால் வழுக்கிப் போகும். கால்கள் மிதிகளை விட்டுவிடும். விழாமலிருக்கக் கையிலுள்ளதைப் பிடிப்பான் ஓட்டுகிறவன், கையிலுள்ளது கைப்பிடி. மூக்கு செங்குத்தாக மேலே போகும். இப்படி நடந்து ஆள் செத்ததால்தான் அந்தக் கம்பியையும் குழியையும் குறித்த காலத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விமான இலாகா உத்தரவே போட்டது. தேய்ந்த ஒரு குழி! பஞ்சாலையில் தேய்ந்த போல்ட் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு எளிய சோதனைகள் ஏன் தவறிப்போகின்றன? இங்கேதான் நாம் நன்றாக அறிந்த ஒரு ஆசாமி வந்து நிற்கிறான். அவன் பெயர் அவசரம். அவனை வேலைக்கு வைத்தவர் யார்?

வர்த்தக விமானி லைசென்ஸ் வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த 200 மணிக்கும் படிப்புக்குமாகப் பள்ளிகள் நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய் என்று வாங்குகின்றன. சாதாரணக் குடும்பம் என்றால் வீடு அடமானம், நிலம் கிரயம், பாங்குக் கடன். விமானத்தில் ஒரு மீட்டர் இருக்கிறது. என்ஜின் ஓடுகிற நேரத்தை அது எழுதுகிறது. அந்த எழுத்துத்தான் பில். மாணவிக்கு ஒவ்வொரு நிமிஷமும் அப்பன் வாங்கிய கடன். ஆசிரியருக்கோ பறந்த மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் பள்ளிகளும் உண்டு. தரையில் நின்ற விமானத்தால் முதலாளிக்கு வரும்படி இல்லை. ஆக மூன்று பேருக்கும் சக்கரம் உருண்டால்தான் காசு. நிறுத்து என்று சொல்ல ஒருவருக்கும் காசு இல்லை.

இது நமக்குப் புதிதா? இதற்குப் பெயர் பீஸ் ரேட் அல்லவா? குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவள், மணி மருந்தை மெதுவாகக் கையாள வேண்டும் என்று தெரிந்தும் வேகமாகக் கையாளுகிறாள். தெரியாமல் அல்ல, மெதுவாகச் செய்தால் சாயங்காலம் கையில் குறைவதால். நான் மில்லில் இருந்த காலத்தில், ஸ்பின்னிங் பிரேமில் ஏதோ சத்தம் வித்தியாசமாகக் கேட்டு நிறுத்திய ஒரு பெரியவரை மேஸ்திரி போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஹாங்க் மீட்டரைக் காட்டித்தான் திட்டினார். பெரியவர் அதற்குப் பிறகு எந்தச் சத்தத்துக்கும் மிஷினை நிறுத்தவில்லை. மறு மாசமே பியரிங் உடைந்து தெறித்தது. “ஏனய்யா கவனிக்கவில்லை?” என்று அதே மேஸ்திரி அவரைத்தான் கேட்டார்.

இந்த “ஏன் கவனிக்கவில்லை” என்ற கேள்விக்கு விமான உலகில் 90 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு நல்ல பதில் கிடைத்துவிட்டது. 1935 அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்தில் ரைட் பீல்டு என்ற இடத்தில், போயிங் கம்பெனியின் 299 என்ற புதிய நாலு என்ஜின் ராணுவ விமானம் கிளம்பி, சில நூறு அடி எழும்பி, சரிந்து விழுந்து எரிந்தது. இரண்டு பேர் மாண்டனர். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. நாட்டின் தலைசிறந்த சோதனை விமானிகள். காரணம் என்ன? தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமலிருக்க ஒரு பூட்டுப் போட்டு வைப்பார்கள். அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

“கவனக்குறைவு” என்று எழுதிப் புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. மேதைக்கே மறக்கும் என்றால் மறதியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு அட்டையில் வரிசையாக எழுதினார்கள்: கிளம்பும் முன் இதைப் பார், இதைப் பார், இதைப் பார். எத்தனை ஆயிரம் மணி பறந்தவனானாலும் அட்டையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்றார்கள். இன்று உலகில் எந்த விமானமும் அந்த அட்டை இல்லாமல் கிளம்புவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையைப் படித்து முடிக்க அவகாசம் கொடுத்தால்தான் அட்டைக்கு உயிர். மீட்டர் ஓடும்போது படிக்கிற அட்டை, ஐயர் அவசரத்தில் சொல்லும் மந்திரம் போல உதட்டிலேயே நின்றுவிடும்.

நம் நாட்டுப் பள்ளிகளின் நிலைமை என்ன? நான் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. சர்க்காரின் விமானப் போக்குவரத்து டைரக்டரேட்டே சொல்கிறது. 2022-ல் அது பள்ளிகளைச் சோதனை போட்டபோது, சில இடங்களில் ஓடுதளத்தின் மேற்பரப்பு தேய்ந்து கிடந்தது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பைகூடக் கிழிந்து தொங்கியது. காற்றுக்கு எதிராகக் கிளம்ப வேண்டும் என்பது பாலபாடம். அந்தத் திசையைக் காட்டும் துணியை மாற்றுவதற்கு என்ன செலவாகும்? ஐம்பது லட்சம் வாங்கிய இடத்தில் ஒரு முழத் துணிக்குப் பஞ்சம்! 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் பாராமதியில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் நாலே நாளுக்குள் விபத்துக்குள்ளாகி, அந்தப் பள்ளியின் பயிற்சியையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. 2025 அக்டோபரில் டைரக்டரேட் முதன்முறையாகப் பள்ளிகளுக்குத் தரம் போட்டது. 35 பள்ளிகளில் மேல் தரமான ஏ-பிளஸ்ஸிலும் ஏ-யிலும் ஒன்றுகூட இல்லை. 13 பள்ளிகள் பி. மீதி 22-ம் சி.

பறக்காத நேரத்தைப் பறந்ததாக ஏட்டில் எழுதிக்கொடுத்த மோசடியும் நடந்திருக்கிறது. 2011-ல் ராஜஸ்தானில் சர்க்கார் பறக்கும் பள்ளியிலேயே அது வெளிப்பட்டது. வேலைக்கு வராதவன் பெயரில் மஸ்டர் எழுதுகிற வித்தை நமக்குத் தெரியும். ஆகாயத்துக்கும் மஸ்டர் எழுதியிருக்கிறார்கள்.

மாணவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்த ஊர் மேலே தாழப் பறந்து காட்டி மாண்ட வீறாப்புக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. குடித்துவிட்டு வருகிற ஆசிரியரும் இருக்கலாம். அதற்காகவே மூச்சுச் சோதனை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம். பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வருகிறது? “உராய்வினால் விபத்து. போர்மேன் கைது.” 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உராய்வு உண்மைதான். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் எங்கே போயிற்று, குத்தகைக்கு விட்டதை உள்குத்தகைக்கு விட்டவர் யார் என்ற கேள்விகளும் உண்மைதான். ‘உராய்வு’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் அவையெல்லாம் ஒளிந்துகொள்கின்றன. விமானத்தில் அந்தச் சொல்லுக்குப் பெயர் ‘விமானியின் தவறு’. மூக்கைத் தாழ்த்தத் தவறியவள் மாணவிதான். அதை நூறு தடவை பழக்காமல் தனியே அனுப்பிவைத்தது யார்? தேய்ந்த குழியில் ஊசி விழவில்லை என்று கவனிக்காதவள் மாணவிதான். அந்தக் குழியை மாற்றாமல் கையெழுத்துப் போட வைத்தது யார்?

2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாதில் ஏர் இந்தியா விமானம் கிளம்பிய அரை நிமிஷத்தில் விழுந்து, தரையிலிருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்ட கோரத்தை மறந்திருக்கமாட்டோம். அது பெரிய விமானம், பயிற்சியல்ல. ஆனாலும் விசாரணை முடிவதற்கு முன்பே, செத்துப்போன விமானிகள் மேல் பழி சுமத்த எத்தனை பேர் அவசரப்பட்டார்கள்! செத்தவன் பதில் சொல்லமாட்டான். அதுதான் வசதி.

ஒரு விஷயத்தில் விமான இலாகா நம் பட்டாசுத் தொழிலை விட மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விமான விபத்துகளை ஆராய 2012 முதல் தனி விசாரணைப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் அறிக்கைகள் யாரும் படிக்கும்படி வெளியாகின்றன: என்ஜின் எந்தத் தேதியில் பழுது பார்க்கப்பட்டது, காற்று எத்தனை வேகம், மாணவர் எத்தனை மணி பறந்தவர், எல்லாம் அதில் இருக்கும். பட்டாசு ஆலை விபத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு அறிக்கை, தமிழில், ஆலை வாசலில் ஒட்டப்பட்டால் எப்படி இருக்கும்! நம் சங்கங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கோரிக்கை இது.

கோவில்பட்டிக்கு வருவோம். எந்த முதலாளி அந்தப் பள்ளியை நடத்த வந்தாலும், சர்க்கார் அவரோடு எழுதும் ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் மையால் எழுதப்பட வேண்டும். கிளம்பும் முன் ஏதாவது சரியில்லை என்று மாணவரோ ஆசிரியரோ விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த நேரத்திற்கு மாணவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆசிரியருக்குச் சம்பளம் குறையக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் விட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘நிறுத்து’ என்ற சொல்லுக்கு விலை வைத்தால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். அடுத்தபடியாக, பழுது பார்க்கும் மெக்கானிக். “இது பறக்காது” என்று அவர் எழுதினால் அதை மேனேஜர் அடிக்கக் கூடாது. எழுதியதற்காக அவர் வேலை போகக் கூடாது. அவர் நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும். காண்டிராக்ட் ஆள் எப்படித் துணிந்து எழுதுவார்? சித்திரை, வைகாசியில் எத்தனை மணிக்குமேல் புதியவர்கள் கிளம்பக் கூடாது என்பதும், ஓடுதளத்தின் பாதியில் தெளிவாகத் தெரியும் ஒரு அடையாளமும் வேண்டும். தீயணைப்பு வண்டி தூத்துக்குடியிலிருந்து வரும் என்று சொல்லக் கூடாது. அங்கேயே நிற்க வேண்டும்.

ஓடுதளத்தின் இரண்டு முனைக்கும் அப்பால் இருக்கும் நிலங்களைப் பற்றி விவசாயத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டும். என்ஜின் நின்றால் விமானம் இறங்கப்போவது அங்கேதான். அங்கே வெட்டவெளி இருந்தால் பிள்ளை பிழைப்பாள். மனைக்கட்டு போட்டு விற்றுக் கட்டடம் எழும்பிவிட்டால், உள்ளே இருப்பவளும் சாவாள், வீட்டில் இருப்பவர்களும் சாவார்கள். 2025 ஏப்ரலில் குஜராத்தில் அம்ரேலியில் பயிற்சி விமானம் ஒன்று குடியிருப்புக்குள்ளேயே விழுந்து, ஓட்டியவர் மாண்டார். ரியல் எஸ்டேட்காரர்கள் ஓடுதளத்தைக் காட்டி மனை விற்க இப்போதே கிளம்பிவிடுவார்கள். பஞ்சாயத்துகள் விழித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சின்ன விமானத்தில்கூட நூறு லிட்டருக்குச் சற்றுக் குறையப் பெட்ரோல் இருக்கும். விழுந்தால் ஓடிப்போய்ச் சுற்றி நிற்கக் கூடாது. காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க ஓடியவர்களும் முதலிப்பட்டியில் என்ன கதிக்கு ஆளானார்கள் என்பதை நம் ஜனங்கள் மறக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சுற்று வட்டார ஊர்களில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பள்ளியை நடத்துகிறவருக்கு உண்டு.

இன்னொன்று. பயிற்சி விமானம் ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருக்காது. வளையவும் தாழவும் பழக ஒரு பிரதேசத்தை ஒதுக்குவார்கள். கோவில்பட்டியிலிருந்து வடக்கே திரும்பினால் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி. விருதுநகர் ஜில்லாவின் ஆயிரத்தை ஒட்டிய பட்டாசு ஆலைகளும் அவற்றின் வெடிமருந்துக் கிடங்குகளும் கிடப்பது அங்கேதான். கற்றுக்குட்டிகள் என்ஜினைத் தணித்துப் பழகும் ஆகாயம் அதுவாக இருக்கலாமா? தெற்கிலும் கிழக்கிலும் எவ்வளவோ மானாவாரிக் காடு கிடக்கிறது. எந்த ஊர் மேலே பறக்கலாம், எந்த ஊர் மேலே பறக்கக் கூடாது என்ற வரைபடத்தைத் தயாரிக்கும்போது வெடிமருந்து இலாகாவையும் ஆலைத் தொழிலாளர் சங்கங்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கூப்பிடாவிட்டால் கிராம சபைகளில் தீர்மானம் போட்டு நாம் அனுப்புவோம்.

அந்தத் தோழரின் மகளுக்கு ஒரு வார்த்தை. பள்ளியில் சேருமுன் ஒரு நாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நில். சிறகுக்கடியில் குப்பி பிடித்துப் பெட்ரோல் பார்க்கிறார்களா, பார். கம்பத்தின் மேலே காற்றுக்குக் கட்டிய துணி முழுசாக இருக்கிறதா, பார். ஆபீசில் பீஸ் எவ்வளவு என்று கேட்கும்போதே, “கிளம்பாமல் திரும்பினால் காசு உண்டா, இல்லையா?” என்பதையும் கேள். எழுத்தில் கேள்.